கோவென்ட்ரி முதல் கரிசல் வரை: ஒரு பழைய டிராக்டர் கியர் பாக்ஸின் கதை

டிராக்டர் என்றதும் முதலில் கண்ணில் படுவது பெரிய பின் சக்கரம், புகை கக்கும் சைலன்சர், முன்னால் இருக்கும் இன்ஜின். இன்ஜினுக்கும் சீட்டுக்கும் நடுவில், ஓட்டுபவரின் இரண்டு கால்களுக்கும் இடையே, எண்ணெய்ப் பிசுக்கோடு ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். அதை யாரும் கவனிப்பதில்லை. அதுதான் கியர் பாக்ஸ்.

ஆனால் ஒரு டிராக்டர் 40 வருஷம் உழுமா, இல்லை பாதியிலேயே பழைய இரும்புக் கடைக்குப் போகுமா என்பதைப் பெரும்பாலும் அந்தப் பெட்டிதான் முடிவு செய்கிறது. இன்ஜின் தேய்ந்தால் லைனர், பிஸ்டன் மாற்றி ஓட்டிவிடலாம். கியர் பாக்ஸ் போனால் அதே அளவில், அதே பல் எண்ணிக்கையில் சக்கரம் கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்!

இங்கிலாந்தில் காட்சிப் பொருளாகிவிட்ட ஒரு டிராக்டரின் வாரிசுகள் விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் காட்டில் இன்னும் வேலை செய்கின்றன. அதற்குக் காரணம் என்ன? பதில் அந்தப் பெட்டியின் வரலாற்றில் இருக்கிறது.

கரிசலுக்கு என்ன அவசரம்?

விருதுநகர் மாவட்டம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது சிவகாசிப் பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர். 1920களில் தீப்பெட்டியில் தொடங்கிய தொழில் அது. மழை குறைவு, வெயில் அதிகம் என்பது மருந்தையும் குச்சியையும் உலர்த்த வசதி. விவசாயத்துக்கு அதே வெயில் பகை.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு பக்கம் மலையடிவாரக் கண்மாய்கள் உண்டு, நெல் உண்டு. கிழக்கே சாத்தூர், அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் போனால் பெரும்பாலும் மானாவாரிதான். பருத்தி, கம்பு, உளுந்து, பாசி, மல்லி, மக்காச்சோளம், குதிரைவாலி என்று வானத்தைப் பார்த்து விதைக்கும் பயிர்கள். இந்தப் பயிர்களுக்கு முக்கியமான மழை புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை.

கரிசல் மண்ணின் குணமும் விசேஷமானது. காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்துக் கல் மாதிரி இறுகும். நனைந்தால் களிம்பு போல ஒட்டும். இரண்டுக்கும் நடுவில் உழவுக்கு ஏற்ற பதம் சில நாட்களே இருக்கும். அந்தப் பதத்தில் உழுது விதைத்துவிட்டால் உள்ளே பிடித்து வைத்த ஈரத்திலேயே பயிர் பிழைத்துக்கொள்ளும். தவறவிட்டால் அந்த வருஷ வெள்ளாமை கேள்விக்குறி.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. விதைப்புக் காலமும் தீபாவளிக்கு முந்தைய பட்டாசு வேலைக் காலமும் ஒன்றை ஒன்று தொட்டு நிற்கின்றன. வயலில் நிற்க வேண்டிய கைகள் பல பட்டாசு ஆலையில் இருக்கும். உழவு மாடு வைத்திருப்பவர்களும் குறைந்துவிட்டார்கள். ஆகவே ஊரில் ஓடுகிற ஒன்றிரண்டு டிராக்டர்தான் எல்லோருடைய காட்டையும் மாற்றி மாற்றி உழ வேண்டும். அந்த வாரத்தில் கியர் பாக்ஸ் மக்கர் செய்தால் நஷ்டம் வண்டிக்காரருக்கு மட்டும் அல்ல. அவரை நம்பி வரிசையில் இருப்பவர்களுக்கும்தான்.

கியர் பாக்ஸ் என்ன செய்கிறது?

ஒரு சின்னக் கணக்கு. உழும்போது டீசல் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். டிராக்டர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பின் சக்கரத்தின் சுற்றளவு 4 மீட்டர் என்றால் அது நிமிடத்துக்குச் சுமார் 20 தடவை சுற்றினால் போதும். அதாவது 2000 சுற்றை 20 சுற்றாகக் குறைக்க வேண்டும். நூறில் ஒரு பங்கு!

சுற்று குறையக் குறைய இழுவை கூடும். இந்தக் குறைப்பில் ஒரு பகுதியைக் கியர் பாக்ஸும் மீதியைப் பின் அச்சில் இருக்கும் கிரவுன் பினியனும் செய்கின்றன. பைக், கார் போல வேகத்துக்காக மட்டும் டிராக்டருக்குக் கியர் இல்லை. சகதி உழவுக்கு நடந்துபோகும் வேகம் வேண்டும். புழுதி உழவுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. டிரெய்லரில் பருத்தி மூட்டை ஏற்றி ரோட்டில் போகும்போது வேகம் வேண்டும். எல்லாமே ஒரே இன்ஜினிலிருந்துதான்.

மாட்டைப் போல இழுத்த டிராக்டர்கள்

ஆரம்பகால டிராக்டர்கள் கலப்பையை மாடு இழுப்பது போலத்தான் இழுத்தன. பின்னால் ஒரு கொக்கி, அதில் கலப்பை. கலப்பை பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் டிராக்டரின் முன் பக்கம் தூக்கிக்கொண்டு பின்னால் கவிழும். ஓட்டியவர் அடியில். இப்படிப் போன உயிர்கள் ஏராளம்.

இதற்குத் தீர்வு கண்டவர் ஹாரி பெர்குசன். 1884இல் அயர்லாந்தின் டவுன் கவுண்டியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மெக்கானிக். 1909 டிசம்பர் 31 அன்று தானே கட்டிய விமானத்தில் பறந்து, அயர்லாந்தில் முதலில் விமானம் ஓட்டியவர் என்ற பெயரும் வாங்கினார்! முதல் உலகப்போர் சமயத்தில் உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காக அங்கே டிராக்டர்களின் வேலையை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. அப்போதுதான் தவறு கலப்பையிலோ டிராக்டரிலோ தனியாக இல்லை, இரண்டையும் இணைக்கும் விதத்தில் இருக்கிறது என்று கண்டுகொண்டார்.

கலப்பையை மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு இணைத்து, ஹைட்ராலிக் மூலம் தூக்கி இறக்கும் முறையை அவர் படிப்படியாக உருவாக்கினார். கலப்பை மண்ணில் சிக்கினால் அந்த அழுத்தமே டிராக்டரின் சக்கரங்களைத் தரையில் அமுக்கும். கனமான டிராக்டர் தேவையில்லை. இன்று நம்மூரில் கல்டிவேட்டரைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் போகும் எல்லா டிராக்டரிலும் இருப்பது இந்த மூன்று புள்ளி இணைப்புதான்.

மூன்று கியர், நான்கு கியர், ஆறு கியர்

பெர்குசன் 1933இல் செய்த முதல் மாதிரி டிராக்டர் கருப்பு வர்ணத்தில் இருந்ததால் "கருப்பு டிராக்டர்" என்றே பெயர் பெற்றது. அது இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. அதன் கியர் பாக்ஸையும் பின் அச்சையும் செய்து கொடுத்தது ஹடர்ஸ்ஃபீல்ட் நகரத்தின் டேவிட் பிரவுன் நிறுவனம். பல்சக்கரம் செய்வதுதான் அவர்கள் பரம்பரைத் தொழில். 1936இல் இருவரும் சேர்ந்து பெர்குசன்-பிரவுன் டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். முன்னால் போக மூன்று கியர், பின்னால் வர ஒன்று. சுமார் 1350 வண்டிகளோடு அந்தக் கூட்டு முடிந்தது.

அடுத்து 1938 அக்டோபரில் பெர்குசன் அமெரிக்கா போய் ஹென்றி ஃபோர்டைச் சந்தித்தார். எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. கைகுலுக்கல் மட்டுமே! 1939 ஜூனில் ஃபோர்டு 9என் டிராக்டர் வெளிவந்தது. இதிலும் மூன்று கியர்தான். ஹென்றி ஃபோர்டின் காலத்துக்குப் பிறகு அந்தக் கைகுலுக்கல் கோர்ட்டுக்குப் போனது. பெர்குசன் 25 கோடி டாலருக்கு மேல் கேட்டு 1948இல் வழக்குப் போட்டார். 1952இல் 92.5 லட்சம் டாலரில் சமரசம் ஆனது. வணிகவியல் படிப்பவர்களுக்கு, ஒப்பந்தத்தை ஏன் எழுத்தில் போட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இதற்கிடையே 1946இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் பானர் லேன் தொழிற்சாலையில் டி.இ.20 டிராக்டர் பிறந்தது. தயாரித்தது ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி. சாம்பல் வர்ணம். "சின்ன சாம்பல் பெர்கி" என்று செல்லப் பெயர். இதில் நான்கு கியர். கியர் லீவரைத் தனியாக ஓர் இடத்துக்குத் தள்ளினால்தான் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும். கியரில் இருக்கும்போது தவறிப்போய் ஸ்டார்ட் ஆகி ஆளை மோதிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் இந்த வண்டிகள் தயாராகின. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென் துருவத்துக்குப் போனது இந்த டிராக்டர்களில்தான்!

1953இல் பெர்குசனின் கம்பெனி கனடாவின் மாஸி-ஹாரிஸோடு இணைந்தது. 1956இல் எஃப்.இ.35, அதுவே 1957 முதல் சிவப்பு வர்ணத்தில் எம்.எஃப்.35. இங்கேதான் கியர் பாக்ஸில் பெரிய மாற்றம் வந்தது.

மூன்று கியர் உள்ள பெட்டிக்குப் பின்னால் ஒரு கோள் சக்கர அமைப்பைச் சேர்த்தார்கள். நடுவில் ஒரு பல்சக்கரம், சூரியனைச் சுற்றும் கோள்கள் போல அதைச் சுற்றிச் சிறு சக்கரங்கள், அவற்றுக்கு வெளியே உள்பக்கம் பல் உள்ள ஒரு வளையம். ஒரு லீவரை "ஹை" பக்கம் தள்ளினால் சுற்று அப்படியே பின்னால் போகும். "லோ" பக்கம் தள்ளினால் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறையும். மூன்று கியர் ஆறு கியர் ஆனது. ரிவர்ஸ் ஒன்று இரண்டானது. நடக்கும் வேகமும் ரோட்டு வேகமும் ஒரே பெட்டியில்!

சென்னைக்கு வந்த கதை

1950களில் இந்தியாவில் டிராக்டர் என்றால் பெரும்பாலும் இறக்குமதிதான். 1959இல் ஃபரிதாபாத்தில் ஐஷர் முதல் உள்நாட்டு டிராக்டரை வெளியிட்டது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு, லைசென்ஸ் கட்டுப்பாடு எல்லாம் இருந்த காலம். வெளிநாட்டு டிராக்டர் வேண்டுமா, அதை இங்கேயே செய் என்றது அரசு.

சென்னையில் அதற்குத் தயாராக இருந்தவர் எஸ். அனந்தராமகிருஷ்ணன். ஆழ்வார்குறிச்சிக்காரர். 1840இல் வண்டி கட்டும் கம்பெனியாகத் தொடங்கிய சிம்சன், அவரது அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் கையில் இருந்தது. 1950களிலேயே சிம்சன் பெர்கின்ஸ் டீசல் இன்ஜின் தயாரிப்பில் இறங்கிவிட்டது. எம்.எஃப்.35 டிராக்டருக்கு இங்கிலாந்தில் போடப்பட்டதும் பெர்கின்ஸ் இன்ஜின்தான். இன்ஜின் கையில் இருக்கிறது, மீதி வண்டியும் வந்தால் ஆயிற்று!

1960இல் மாஸி பெர்குசனின் ஒத்துழைப்போடு டிராக்டர்ஸ் அண்ட் ஃபார்ம் எக்விப்மென்ட், சுருக்கமாக டாஃபே, தொடங்கப்பட்டது. அதே 1960 அக்டோபரில்தான் ஹாரி பெர்குசன் இங்கிலாந்தில் காலமானார். 1961-62இல் இந்தியா முழுவதும் தயாரான டிராக்டர்கள் 880 மட்டுமே என்பதை நினைத்துப் பார்த்தால், அன்று இது எவ்வளவு சிறிய சந்தை என்பது புரியும்.

இங்கிலாந்தில் 1964இல் 35க்குப் பதிலாக 135 வந்துவிட்டது. சென்னையிலோ அந்த 35இன் வழியில் வந்த 1035 பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. ஆறு முன் கியர், இரண்டு ரிவர்ஸ், அதே அடிப்படை அமைப்பு. 21ஆம் நூற்றாண்டிலும் அது விற்பனையில் இருந்தது. பானர் லேன் தொழிற்சாலையோ 2003இல் மூடப்பட்டது.

இரண்டாகப் பிரியும் வண்டி

சரி, அந்தக் கியர் பாக்ஸ் பழுதானால் என்ன செய்கிறார்கள்?

லாரிக்கு சேசிஸ் உண்டு. இன்ஜினும் கியர் பாக்ஸும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். 1917இல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டர் இந்த வழக்கத்தை மாற்றியது. இன்ஜின், கியர் பாக்ஸ், பின் அச்சு மூன்றின் வார்ப்பிரும்பு உறைகளையும் ஒன்றோடு ஒன்று போல்ட் போட்டு இணைத்துவிட்டார்கள். அவையே வண்டியின் முதுகெலும்பு. பெர்குசனும் இதையே எடுத்துக்கொண்டார். ஆகவே இந்த டிராக்டரில் கியர் பாக்ஸைத் தனியாகக் கழற்றி எடுக்க முடியாது. வண்டியையே இரண்டு மூன்று துண்டாகப் பிரிக்க வேண்டும்!

முதலில் ஆயிலை இறக்குவார்கள். கியர் பாக்ஸ், பின் அச்சு, ஹைட்ராலிக் மூன்றுக்கும் பொதுவான ஆயில், சுமார் 30 லிட்டர். அந்த ஆயிலே பாதி நோயைச் சொல்லிவிடும். பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, சகதி உழவு செய்யும் வண்டிகளுக்கு வரும் வியாதி. மினுமினுப்பாக இருந்தால் உலோகம் தேய்கிறது. பல் துண்டு விழுந்தால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்த வேலை மிக முக்கியமானது. முன் அச்சுக்கும் அதன் மேலுள்ள தாங்கிக்கும் நடுவில் இருபுறமும் மரக்கட்டை ஆப்பு அடிப்பார்கள். மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஆடுவதற்காக முன் அச்சு நடுவில் ஒரே ஒரு பின்னில்தான் தொங்குகிறது. வண்டியைப் பிரித்தவுடன் இன்ஜின் பாகத்துக்குப் பக்கவாட்டுப் பிடிமானம் கிடையாது. ஆப்பு இல்லை என்றால் அப்படியே சாய்ந்து ஆளை அமுக்கிவிடும். பிறகு ஜாக்கியும் தாங்கு கட்டையும் கொடுத்து, வயர், டீசல் குழாய், ஸ்டியரிங் இணைப்பு எல்லாம் விடுவித்து, சுற்றி இருக்கும் போல்ட்டுகளைக் கழற்றினால் வண்டி பிரியும்.

பழைய மாடல்களில் இருப்பது நகரும் பல்சக்கரக் கியர் பாக்ஸ். கியர் மாற்றும்போது ஒரு சக்கரம் தண்டின் மேல் நகர்ந்து இன்னொன்றோடு பல்லோடு பல் சேரும். வண்டியை நிறுத்தாமல், கிளட்சை முழுதாக மிதிக்காமல் கியர் போட்டால் "கர்ர்" என்று ஒரு சத்தம் வருமே, அது பல்லின் முனை உரசும் சத்தம். வருஷக்கணக்கில் உரசினால் முனை மழுங்கிவிடும். பிறகு இழுவை கூடும்போது கியர் தானாக நியூட்ரலுக்கு வரும்.

நல்ல மெக்கானிக் உடனே பல்சக்கரத்தை மாற்றச் சொல்ல மாட்டார். கியரை அதன் இடத்தில் பிடித்து வைப்பது ஒரு சின்ன ஸ்பிரிங்கும் இரும்புக் குண்டும்தான். அந்த ஸ்பிரிங் தளர்ந்தாலும் இதே கோளாறு வரும். செலவு மிகக் குறைவு. அடுத்து சக்கரத்தை நகர்த்தும் ஃபோர்க் தேய்ந்திருக்கிறதா, பேரிங் ஆடுகிறதா என்று பார்ப்பார். பேரிங் ஆடினால் தண்டு சாயும். தண்டு சாய்ந்தால் பல் முழு அகலத்துக்கும் உட்காராது. பழைய பேரிங்கில் புதுச் சக்கரம் போட்டால் அதுவும் சீக்கிரமே போகும்.

கோள் சக்கரப் பகுதியில் சிறு சக்கரங்களின் உள்ளே ஊசி போன்ற உருளைகள் இருக்கும். தேய்ந்த உருளைகளையும் அவற்றின் வாஷர்களையும் செட்டாக மாற்ற வேண்டும். முன்பக்க ஆயில் சீல் போயிருந்தால் ஆயில் கிளட்ச் தட்டில் இறங்கியிருக்கும். சீல் விலை கொஞ்சம்தான், ஆனால் அதற்காக வண்டியையே பிரிக்க வேண்டும் என்பதால் பிரித்த கையோடு எல்லா சீலையும் மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம்.

உடைந்த பல்லை வெல்டிங் வைத்து நிரப்பி அரம் போட்டு ஒப்பேற்றுவதும் உண்டு. அவசரத்துக்கு ஓடும், நிலைக்காது. பல்சக்கரத்தின் மேல்தோல் மட்டும் சூடேற்றிக் கடினமாக்கப்பட்டது. உள்ளே மென்மையாக இருப்பதால்தான் அடி தாங்குகிறது. வெல்டிங் சூடு இந்த இரண்டையும் கெடுத்துவிடும். ஒன்றோடு ஒன்று ஓடித் தேய்ந்த சக்கரங்களில் ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டாலும் சத்தம் வரும். கிரவுன் பினியன் என்றால் ஜோடியாக மட்டுமே மாற்ற வேண்டும்.

திரும்பச் சேர்ப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. கியர் பாக்ஸ் தண்டின் வரிப்பள்ளமும் கிளட்ச் தட்டின் வரிப்பள்ளமும் சரியாகப் பொருந்தும் வரை ஃபிளைவீலை மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டே நெருக்க வேண்டும். பொருந்தாமல் போல்ட்டை முறுக்கி இழுத்தால் கிளட்ச் தட்டு வளையும், சில சமயம் வார்ப்பிரும்பே வெடிக்கும். கடைசியில் பின் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்து, பிறகு இறக்கி ஓட்டிப் பார்ப்பார்கள்.

கணக்குப் புத்தகம் என்ன சொல்கிறது?

வருமான வரிச் சட்டப்படி பொதுவான இயந்திரங்களுக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம், குறைந்து செல்லும் மதிப்பு முறையில். இந்த முறையில் ஒரு லட்சம் ரூபாய் இயந்திரத்தின் மதிப்பு 10 ஆண்டில் சுமார் 19,700 ரூபாய். 20 ஆண்டில் சுமார் 3,900. 30 ஆண்டில் 800 ரூபாய்க்கும் கீழே! விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பதால் சிறு விவசாயி இந்தக் கணக்கை எழுதப்போவதில்லை. ஆனால் கணக்குப் பாடத்தின் கண்ணில் 30 வருஷ டிராக்டர் பழைய இரும்பு மட்டுமே.

காட்டில் நிற்பவரின் கணக்கு வேறு. கடன் முடிந்துவிட்டது, வட்டி இல்லை. மழைக்காலத்தில் சில வாரங்கள் உழவு, மற்ற நாளில் டிரெய்லர் வேலை. வருஷத்தில் ஓடும் மணி நேரமே குறைவு என்பதால் மானாவாரிக்காரருக்குப் புது டிராக்டரின் மாதத் தவணை கட்டுப்படியாகாது. மழை பொய்த்தால் தவணை பொய்க்காதே! அவருக்குக் கியர் பாக்ஸ் ரிப்பேர் என்பது ஒரு தடவை செலவு. அடுத்த பல வருஷத்துக்கு வண்டி அவருடையது.

டிராக்டர்களைப் பத்து வருஷத்தில் கட்டாயமாக உடைக்கப் போகிறார்கள் என்று ஒரு வதந்தி பரவியபோது, 2023இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதை மறுத்தது. விவசாய டிராக்டரின் முதல் பதிவு 15 ஆண்டுகளுக்கு, அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம் என்று விளக்கியது. ஆக, சட்டம் அனுமதிக்கிறது. உதிரி பாகம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

தேங்கி நின்றதால் வந்த லாபம்

லைசென்ஸ் ராஜ் காலத்தைத் திட்டுபவர்கள் எப்போதும் சொல்வது, போட்டி இல்லாததால் பழைய மாடலையே வருஷக்கணக்கில் விற்றார்கள் என்பது. அம்பாசடர் காருக்குச் சொன்னது டிராக்டருக்கும் ஓரளவு பொருந்தும். வெளிநாட்டு விவசாயிக்கு ஓடும்போதே மாற்றும் கியரும் சொகுசான கேபினும் வந்த பிறகும், நம்மூர்க்காரர் வண்டியை நிறுத்தி நிறுத்திக் கியர் மாற்றிக்கொண்டிருந்தார். முதுகுவலி அவருக்குத்தான். இதை மறுக்க முடியாது.

ஆனால் அதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. ஒரே அடிப்படை அமைப்பு பல பத்தாண்டுகள் நீடித்ததால், அதற்கான பல்சக்கரங்கள் தொடர்ந்து தயாராயின. பெரிய வண்டி எண்ணிக்கை இருந்ததால் உதிரி பாகம் செய்வது தனித் தொழிலாகவே வளர்ந்தது. ஒரு வண்டியில் கற்றுக்கொண்ட மெக்கானிக்குக்கு அடுத்த வண்டியும் தெரிந்ததாக இருந்தது. ஷோரூம் இல்லாத சிற்றூரிலும் லேத் பட்டறையும் வெல்டிங் கடையும் இந்த அறிவைச் சேர்த்து வைத்தன. அரசும் கம்பெனியும் திட்டமிட்டுச் செய்ததல்ல இது. புது மாடல் வராத குறையே பழைய வண்டிக்கு ஆயுளாக மாறியது.

இதே குடும்பத்து வண்டிகள் யூகோஸ்லாவியாவில் ஐ.எம்.டி. பெயரிலும், லாகூரில் மில்லத் நிறுவனத்தின் மூலமும் தயாராயின. 2018இல் செர்பியாவின் அந்த ஐ.எம்.டி.யை டாஃபே வாங்கியது! கற்றுக்கொள்ளத் தொடங்கிய சென்னை, ஒரே குருவிடம் படித்த இன்னொரு மாணவனை விலைக்கு வாங்கிய கதை. மாஸி பெர்குசன் பெயருக்குச் சொந்தக்காரரான அமெரிக்காவின் அக்கோ நிறுவனத்தோடு 2024இல் டாஃபேவுக்குத் தகராறு வந்து, 2025இல் சமரசம் ஆனது. அதன்படி இந்தியா, நேபாளம், பூடான் மூன்றிலும் அந்தப் பெயர் டாஃபேவுக்கே உரியதானது. கைகுலுக்கலில் தொடங்கிக் கோர்ட்டுக்குப் போன பெர்குசன் பெயர், இத்தனை காலம் கழித்தும் வக்கீல்களுக்கு வேலை கொடுத்திருக்கிறது.

இனி?

இன்று வரும் டிராக்டர்களில் கியர் அதிகம், மாற்றுவது சுலபம், டீசல் சிக்கனமும் உண்டு. விவசாயிக்கு அது நல்லதே. பழையதுதான் சிறந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் மாடல்கள் சீக்கிரம் சீக்கிரம் மாறும்போது ஒரு கேள்வியும் வருகிறது. இன்று வாங்கும் வண்டிக்கு 30 வருஷம் கழித்துப் பல்சக்கரம் கிடைக்குமா? டிராக்டர் வாங்கும்போது குதிரைத்திறன், தவணை, மானியம் எல்லாம் கேட்கிறோம். அதன் கியர் பாக்ஸ் எத்தனை மாடலுக்குப் பொதுவானது, பாகம் எத்தனை வருஷம் கிடைக்கும், பக்கத்து ஊர் மெக்கானிக் அதைப் பிரிப்பாரா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மழை பெய்து கரிசல் பதமாக இருக்கும் அந்தச் சில நாட்களில் வண்டி ஓடுமா ஓடாதா என்பதை முடிவு செய்யப்போவது அந்தப் பதில்கள்தான்.